போத்தலில் 1500 என்று போட்டு 1130 தருவது பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் குளுக்கோசமின் மூட்டு மாத்திரை பற்றி மின்னஞ்சல், வாட்ஸ்அப், தொலைபேசி என்று எல்லா வழியிலும் கேட்டாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் புது ஆள், புதுப் புகார் எண், அதே "பார்த்துச் சொல்றோம்". இனிமேல் எழுத்தில்தான்.

பழைய போத்தலின் பின்பக்கம், நாள் அளவாக "குளுக்கோசமின் சல்ஃபேட் பொட்டாசியம் குளோரைடு 1990 மி.கி. (குளுக்கோசமின் சல்ஃபேட் 1500 மி.கி.)" என்று இருந்தது. கணக்கு சரி. புதுப் போத்தலிலும் முன்பக்கம் அதே கொட்டை எழுத்தில் 1500. பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால், அந்த 1500 உப்போடு சேர்த்த எடை! சல்ஃபேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதை நிலைப்படுத்தப் பொட்டாசியம் குளோரைடோ சோடியம் குளோரைடோ சேர்ப்பார்கள், அதில் குற்றமில்லை. உப்பைக் கழித்தால் சுமார் 1130 மி.கி.தான் மிஞ்சுகிறது. கால் பங்கு காணோம். விலை மட்டும் போத்தலுக்கு அதே 68 சிங்கப்பூர் வெள்ளி. இது உங்கள் சரக்கு, இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

இதைக் கேட்டதற்கு உங்கள் தொலைபேசி ஊழியர் சொன்னது: "சப்ளிமென்ட்தானே சார், மருந்தா என்ன? கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்." இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர் சாப்பிடலாமா என்று கேட்டேன். "எல்லாரும் சாப்பிடலாம்" என்றார். வார்ஃபரினோடு குளுக்கோசமின் சேர்ந்தபோது ஐஎன்ஆர் (இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) ஏறி, இரத்தம் உறையாமல் போகும் அபாயம் பதிவாகியிருக்கிறது. டாக்டரைக் கேட்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மாத்திரையில் சேர்த்திருக்கும் காண்ட்ராய்ட்டின் என்ற குருத்தெலும்புச் சத்து எதிலிருந்து எடுத்தது, மாடா, பன்றியா, சுறாவா என்றதற்கு "நேச்சுரல் சோர்ஸ்" என்றாரே, அதை மறக்கவே முடியாது. மாட்டிறைச்சி தொடாத வீடும் ஹலால் பார்க்கும் வீடும் இந்த ஊரில் எத்தனை! போதாக்குறைக்குச் "சுகாதார அறிவியல் ஆணையம் அங்கீகரித்தது" என்றும் அடித்துவிட்டார். சப்ளிமென்டுகளை விற்பனைக்கு முன் ஆணையம் பரிசோதித்து அங்கீகரிப்பதில்லை. தரமும் பாதுகாப்பும் விற்பவர் பொறுப்பு, அதாவது உங்கள் பொறுப்பு.

இந்த மாத்திரையால் பலன் உண்டா என்பது வேறு வழக்கு. 2006இல் வெளியான அமெரிக்காவின் கெய்ட் (GAIT) ஆய்வு, குளுக்கோசமினையும் காண்ட்ராய்ட்டினையும் முழங்கால் வலிக்குச் சோதித்தது, அதுவே மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிடப் பெரிய வித்தியாசம் காணவில்லை. அந்தக் கவலை என்னோடு இருக்கட்டும். அளவைக் குறைத்துவிட்டு வாய்மூடி இருந்ததற்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. வாங்கிய ஆறு போத்தல்களில் ஒன்றின் உள்மூடித் தாள் ஒரு ஓரத்தில் ஒட்டவே இல்லை. மாத்திரைகள் ஒன்றோடொன்று பிசின்போல ஒட்டி, ஓரங்களில் பழுப்புப் புள்ளி. உள்ளே இருந்த ஈர உறிஞ்சிப் பையும் ஊறிப்போயிருந்தது. மாற்றித் தருவார்கள் என்று உபி வட்டாரத்திலுள்ள உங்கள் கிளைக்குப் போகச் சொன்னீர்கள். எம்ஆர்டி ரயில் ஏறி, வெயிலில் நடந்து போனால், கவுண்டரில் இருந்தவர் போத்தலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஆன்லைன் ஆர்டரா? இங்க இல்ல." ஒரு நாள் சம்பளமே போயிற்று. ஆறு போத்தலும் இப்போது எனக்குக் குப்பைதான்.

தயவுசெய்து 408 வெள்ளி முழுவதையும் திருப்பித் தாருங்கள். பற்றுச்சீட்டோ தள்ளுபடிக் கூப்பனோ வேண்டாம். காண்ட்ராய்ட்டின் மூலம் எது, அளவை எந்தத் தொகுதி எண்ணிலிருந்து மாற்றினீர்கள் என்பவற்றை எழுத்தில் தெரிவிக்கவும். நல்லபடியாக முடிக்கவே விரும்புகிறேன். 14 நாளில் பதில் வராவிட்டால் இந்தப் புகார் லேபிள் படங்களோடு சுகாதார அறிவியல் ஆணையத்துக்கும் பயனீட்டாளர் சங்கத்துக்கும் போகும். 20,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் வக்கீல் இல்லாமலே விசாரிக்கும் என்பதும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

இணைப்பு: இரு லேபிள்களின் படங்கள், ஒட்டிய மாத்திரைகளின் படம், விலைச்சீட்டு. அழைப்பைப் பதிவு செய்வதாக உங்கள் இயந்திரக் குரலே சொன்னது. அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கவும்.

இப்படிக்கு,
இன்னும் பதில் கிடைக்காத வாடிக்கையாளர்