மலையடிவாரத்து மரவீடு

நாக்ஸ்வில், டென்னசி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தியை இவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். பாட்டு வகுப்பை மட்டும் விடமாட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. விடாதே. இங்கே எல்லோரும் நலம். பேத்திக்கு நாலு வயது முடிந்துவிட்டது, கேள்வி கேட்டே ஆளைக் களைப்பாக்குகிறாள்.

போன தடவை 'டாலிவுட் போய் வந்தோம்' என்று எழுதியதற்கு, அது சினிமா ஸ்டூடியோவா என்று கேட்டிருந்தாய். இல்லை. டாலி பார்ட்டன் என்ற கன்ட்ரி (இங்கத்துக் கிராமிய இசை) பாடகியின் பெயரில் நடக்கிற தீம் பார்க். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம், ஸ்மோக்கி மலைகளின் அடிவாரத்தில் பிஜன் ஃபோர்ஜ் என்ற ஊரில் இருக்கிறது. 1995இல் மகனைக் கைப்பிடித்து முதன்முதலாகப் போனேன். இப்போது அவன் மகளைப் பிடித்துக்கொண்டு போகிறேன். அந்த இடம் வளர்ந்ததை முப்பது வருஷமாகக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன்.

அதை டாலியே கட்டினார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1961இல் ஒரு நீராவி ரயில், ஒரு கொல்லுப்பட்டறை, ஒரு பழைய காலத்துக் கடை, அவ்வளவோடு தொடங்கிய இடம் அது. பிறகு கை மாறியது, பெயரும் மாறியது. 1976இல் ஹெர்ஷெண்ட் சகோதரர்கள் வாங்கினார்கள். மிசூரியில் ஏற்கெனவே சில்வர் டாலர் சிட்டி என்ற பார்க்கை நடத்தி வந்தவர்கள் அவர்கள், இதற்கும் அதே பெயரை வைத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1986இல்தான் டாலி கூட்டாளியாகச் சேர்ந்து, பெயர் டாலிவுட் ஆனது. அந்த முதல் சீசனிலேயே 13 லட்சத்துக்கு மேல் ஜனம் வந்தது. இப்போது வருஷத்துக்கு 30 லட்சத்தைத் தாண்டுகிறது.

அவர் ஏன் இங்கே வந்து பணத்தைப் போட்டார் தெரியுமா? பார்க் இருக்கிற இதே செவியர் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 1946இல் பிறந்தவர், பன்னிரண்டு பிள்ளைகளில் நாலாவது. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கூலியாக அப்பா ஒரு மூட்டை மக்காச்சோள மாவு கொடுத்தாராம். அந்த டாக்டர் பெயரில் பார்க்குக்குள் ஒரு சிறிய சர்ச் இருக்கிறது. வேலை தேடி ஊரைவிட்டுப் போகிற தன் ஜனத்துக்கு ஊரிலேயே வேலை வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். எனக்கு அவர் பாட்டைவிட இந்த எண்ணம்தான் முதலில் பிடித்தது.

பார்க்கின் நடுவே அவர் வளர்ந்த மரவீட்டை அப்படியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டியது அவர் தம்பி. உள்ளே அடுப்பும் கட்டிலும் பாத்திரமும் எங்கே இருக்கவேண்டும் என்று சொல்லி அடுக்கியது அவர் அம்மா. இரண்டே அறை, தலை நிமிர்ந்தால் உத்தரம் இடிக்குமோ என்று தோன்றும். வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் தலையை எண்ண ஆரம்பிப்பார்கள், இதில் இத்தனை பேர் எப்படிப் படுத்தார்கள் என்று. 1995இல் என் மகன் கேட்டதும் அதுதான், போன மாதம் பேத்தி கேட்டதும் அதுதான்.

அம்மா கந்தல் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்த மேல்சட்டையைப் பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்ததை டாலி ஒரு பாட்டாக எழுதினார், 1971இல் வெளிவந்தது. பாட்டு தோன்றியபோது பஸ்ஸில் வேறு காகிதம் கிடைக்காமல், சலவைக் கடை ரசீதின் பின்புறத்தில் எழுதினாராம். உனக்கும் அந்தப் பழக்கம் உண்டே, பஸ் டிக்கெட்டில் ஸ்வரம் எழுதுவாய்!

அப்புறம் வந்தவை பெரிய பெரிய ரோலர் கோஸ்டர் ராட்டினங்கள். 1999இல் டென்னசி டொர்னேடோ, 2004இல் முழுக்க மரத்தால் ஆன தண்டர்ஹெட், 2012இல் வைல்ட் ஈகிள். இந்தக் கடைசியில் இருக்கைகள் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், காலடியில் வெறும் காற்று. அமெரிக்காவில் அந்த வகையில் அதுதான் முதல். 2001இல் தண்ணீர்ப் பூங்கா, 2015இல் ஹோட்டல், 2019இல் குழந்தைகளுக்கென்று ஒரு புதுப் பகுதி, 2023இல் இரண்டாவது ஹோட்டல். மகனுக்கு இதெல்லாம் உயிர். எனக்கு மேடைகள்தான்.

மேடைகள் என்றால் நிஜமான ஆட்கள் வாசிக்கிற மேடைகள். ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பக்கமிருந்து குடியேறியவர்கள் ஃபிடிலையும் கதைப் பாடல்களையும் கொண்டுவந்தார்கள். பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியம் ஆப்பிரிக்க மக்களிடமிருந்து வந்தது. இரண்டும் இந்த மலைகளில் கலந்துதான் இந்த இசையே பிறந்தது. போன மாதம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாஞ்சோ வாசித்த பெரியவர் கட்டைவிரலிலும் இரண்டு விரலிலும் நகம் போல மாட்டியிருந்தார். கை அசைவதே தெரியவில்லை, ஸ்வரம் மட்டும் மழைத்துளி மாதிரி விழுகிறது. பக்கத்தில் ஃபிடில் வாசித்த பெண் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போனபோது உன் நினைவு வந்துவிட்டது. ராட்டினம் எந்த ஊரிலும் போடலாம். இந்த மேடைகள் சுருங்காமல் இருந்தால்தான் அது டாலிவுட், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பார்க் வளர வளர அதன் பலன் வெளியேயும் போனது. படிப்பைப் பாதியில் நிறுத்தாமல் இருக்க, ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, இருவரும் பள்ளியை முடித்தால் தலைக்கு 500 டாலர் என்று டாலி சொன்னார். அந்த வகுப்புகளில் பாதியில் நிற்பவர்கள் 35 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தார்கள். 2016 நவம்பரில் மலையில் தீப்பிடித்து வீடுகள் எரிந்தபோது, வீடிழந்த குடும்பங்களுக்கு மாதம் 1,000 டாலர் என்று ஆறு மாதம் கொடுத்தார். அந்த வாரம் இருந்த பயத்தை இன்னும் மறக்க முடியவில்லை. தெரிந்தவர் ஒருவர் கட்டிய துணியோடு இறங்கி வந்தார்.

எழுதப் படிக்கத் தெரியாத தன் அப்பாவை நினைத்து 1995இல் அவர் ஆரம்பித்த புத்தகத் திட்டம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. குழந்தைக்கு ஐந்து வயது ஆகும்வரை மாதம் ஒரு புத்தகம், இலவசம், குழந்தையின் பெயருக்கே தபாலில். முதலில் செவியர் கவுண்டிக்கு மட்டும் இருந்தது, 2023இல் கொடுத்த புத்தகங்கள் 20 கோடியைத் தொட்டன. தபால் பெட்டியில் தன் பெயரைப் பார்த்ததும் பேத்தி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படிப்பாள். பிறகுதான் உறையைப் பிரிக்க விடுவாள்.

கல்யாணம் முடிந்ததும் இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய். அக்டோபரில் வா, மலை முழுக்க இலை நிறம் மாறியிருக்கும். 1961இன் அந்த ரயில் இன்னும் ஓடுகிறது. இஞ்சின் 1943இல் ராணுவத்துக்காகச் செய்யப்பட்டு அலாஸ்காவில் ஓடியது. முன் பெட்டியில் இடம் பிடிப்போம், புகை கொஞ்சம் வரும், பரவாயில்லை. வளைவில் அது விசில் ஊதும்போது பல குழல்கள் சேர்ந்து ஒலிக்கும். அது என்ன சுருதி என்று முப்பது வருஷமாக எனக்குப் பிடிபடவில்லை. நீதான் கேட்டுச் சொல்லவேண்டும்.

என்றும் அன்புடன்,
வசந்தா