நீ கேட்ட மீட்டிங் பற்றி

என் அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனை வைக்கப் போகும்போது, "குடியை நிறுத்துகிறவர்களுக்கான மீட்டிங்கெல்லாம் எங்கேம்மா நடக்கும்?" என்று கேட்டாய். நான் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். தெரியாததால் அல்ல, குரல் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் உடம்பு. காலையில் கை நடுங்குகிறது என்றாய். அப்படியென்றால் நாளை முதல் ஒரு சொட்டும் இல்லை என்று தனியாக இறங்கிவிடாதே. தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனம் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைப் பார். எவ்வளவு குடிக்கிறாய் என்று கேட்டால் பாதியாகக் குறைத்துச் சொல்லாதே. மருந்து கொடுத்து, பக்கத்தில் இருந்து நிறுத்த வைப்பார்கள்.

இனி மீட்டிங். குடியை நிறுத்த ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிறவர்களின் அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. அவர்களுடைய இணையதளத்தில் தேடினால் உன் பகுதியின் தொடர்பு எண்ணோ கூட்டங்களின் பட்டியலோ கிடைக்கும். 'மீட்டிங் கைடு' என்று அவர்களே நடத்தும் இலவச ஆப்பும் உண்டு. பட்டியலில் 'ஓபன்' என்று இருந்தால் யாரும் போகலாம், குடும்பத்தாரும் போகலாம். 'க்ளோஸ்டு' என்றால் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். நீ இரண்டுக்குமே போகலாம். கிளம்புவதற்கு முன் போன் பண்ணிக் கேட்டுக்கொள், நேரம் மாறியிருக்கும். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் கடை இருக்கும்.

"முன்பின் தெரியாதவர்களுக்கு எதற்குத் தொந்தரவு?" என்று நினைப்பாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தச் சுபாவம், காய்ச்சலைக்கூடச் சொல்ல மாட்டாய். இந்த இயக்கமே அப்படி ஒரு போன் அழைப்பில்தான் தொடங்கியது, தெரியுமா? 1935 மே மாதம். அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பில் என்பவர் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம். வந்த வியாபாரம் கைகூடவில்லை. ஒரு பக்கம் பாரின் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் போனை எடுத்து, தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து, யாராவது குடிநோயாளியோடு பேச வேண்டும் என்று கேட்டார். ஊரைத் திருத்த அல்ல, அன்றைக்குத் தான் குடிக்காமல் இருப்பதற்கு. அப்படித்தான் குடியில் சிக்கியிருந்த டாக்டர் பாப் கிடைத்தார். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்த டாக்டர், பல மணி நேரம் எழுந்து போகவில்லை.

அதனால் நீ பேசப்போகும் எண்ணின் அந்தப் பக்கம் இருப்பவருக்கும் உன் அழைப்பு தேவைப்படுகிறது. இதை மட்டும் நம்பு.

அந்த டாக்டரும் உடனே நிறுத்திவிடவில்லை. நடுவில் ஒருமுறை வழுக்கினார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் தேதியைத்தான் ஏ.ஏ. பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள். உனக்கும் ஸ்லிப் ஆனால், அதோடு எல்லாம் போயிற்று என்று ஒதுங்கிவிடாதே. அடுத்த மீட்டிங்குக்குப் போ.

உள்ளே போனால் என்ன செய்வது? நாற்காலியில் உட்கார். பேச வேண்டிய கட்டாயம் இல்லை, முதல் பெயர் மட்டும் சொன்னால் போதும். கட்டணம் கிடையாது. காணிக்கைப் பை சுற்றி வரும், உன்னைத் தாண்டிப் போகட்டும், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கடவுள் பேச்சு வரும். உனக்கு அது ஒட்டாமல் போகலாம். ஒரு குழு போல இன்னொன்று இருக்காது, நாலைந்து இடம் பார்த்துவிட்டு முடிவு செய். அப்படியும் சரிவரவில்லையென்றால் ஸ்மார்ட் ரிகவரி என்று வேறொன்று இருக்கிறது, அதில் கடவுள் பேச்சே கிடையாது.

எதற்கும் ஆதாரம் கேட்பவன் நீ. 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்தது. ஏ.ஏ.வோடு சேர்த்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடம் கழித்து 100க்கு 42 பேர் குடிக்காமல் இருந்தார்கள். மற்றச் சிகிச்சைகளில் 35 பேர். மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்பாய். அவர்களுக்காகவும்தான் அந்தக் கதவு ஒவ்வொரு வாரமும் திறக்கிறது.

உன்னிடம் சொல்லாத ஒன்று. ஏழு மாதமாக நான் அல்-அனான் கூட்டத்துக்குப் போகிறேன். குடிப்பவர்களின் வீட்டாருக்கானது அது. முதல் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டிக்கொண்டு, வாசலிலேயே நின்றேன். உள்ளே இருந்த ஒரு பெண்மணி எழுந்து வந்து ஒன்றும் கேட்காமல் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மூன்றாவது வாரம்தான் வாய் திறந்தேன். உன் ஆபீசுக்குப் போன் செய்து காய்ச்சல் என்று எத்தனை முறை பொய் சொன்னேன், உன் அலமாரியில் இருந்த பாட்டிலைத் தொட்டியில் கொட்டிவிட்டு எத்தனை இரவு உன்னை முறைத்தேன், எல்லாம் சொன்னேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்தேன் கண்ணா. அந்தப் பொய்கள் உனக்கு இன்னும் கொஞ்சம் குடிக்க நேரம் வாங்கிக் கொடுத்தன. அதற்காக என்னை மன்னித்துவிடு.

என் மீட்டிங் புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு. உன்னுடையது எந்தக் கிழமை என்று கேட்க மாட்டேன், போனாயா என்றும் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். எந்த நேரமானாலும் கூப்பிடு, எடுப்பேன்.

அம்மா