குல்மார்க் போகும் கயலுக்கு

மேற்கு மாம்பலம், சென்னை

அன்பு மகள் கயலுக்கு,

நீயும் உன் அலுவலகத் தோழிகளும் போட்டிருக்கும் குல்மார்க் திட்டத்தை அப்பாவும் நானும் சேர்ந்து படித்தோம். டிசம்பர் 20 முதல் ஐந்து நாள் பனிச்சறுக்குப் பயிற்சி, கடைசி நாள் கோண்டோலா என்ற கம்பிவட வண்டியில் உச்சி வரை. தாராளமாகப் போய் வா. தேதியை மட்டும் மாற்று என்று கேட்கத்தான் எழுதுகிறேன். புவியியல் பாடம் நடத்தியவள் இல்லையா, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிசம்பர் 21 அன்றுதான் காஷ்மீரில் சில்லாய் கலான் தொடங்குகிறது. நாற்பது நாள் கடுங்குளிர். குளிர் வந்தால் பனியும் வந்துவிடும் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். பனி பெய்யக் குளிரோடு ஈரமும் வேண்டும் கண்ணா. மத்தியதரைக்கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் காற்றுச் சுழற்சிகள்தான் அந்த ஈரத்தைக் கொண்டுவருகின்றன. அவை வராவிட்டால் எவ்வளவு குளிர்ந்தாலும் தரை காய்ந்துதான் கிடக்கும். 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பழுப்பாகவே இருந்தது. மாதக் கடைசியில்தான் நல்ல பனி இறங்கியது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் போதிய பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. எந்த மாதத்துக்கும் உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் பிப்ரவரி என்றால் அதற்குமுன் வந்த சுழற்சிகளின் பனி அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுத்துக்கொள்.

இன்னொன்று. உன் கைப்பேசியில் பத்தாம் நாளுக்கு ‘40 செ.மீ. பனி’ என்று காட்டினால் அதை நம்பி எதையும் முடிவு செய்யாதே. மூன்று நாள் முன்னறிவிப்பை ஓரளவு நம்பலாம். ஒரு வாரம் என்றால் போக்கு தெரியும், அளவு தெரியாது. அதற்கு அப்பால் வரும் எண்ணை விட்டுவிடு. கணினி மாதிரிகள் நிலத்தைப் பல கிலோமீட்டர் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே சராசரி உயரத்தை வைத்துக் கணக்கிடுகின்றன. மலை உச்சியும் பள்ளத்தாக்கும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும். சமவெளியிலேயே இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்று நமக்குத் தெரியுமே. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை, நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. அப்படியிருக்க, மலையில் ஒரே எண்ணை எப்படி நம்புவது?

ஆகையால் எந்த எண்ணைப் பார்த்தாலும் ‘எந்த உயரத்துக்கு?’ என்று கேள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். குல்மார்க்குக்குப் போகும் வழியில் கீழே இருக்கும் தங்மார்க் சுமார் 2,150 மீட்டர், குல்மார்க் 2,650, இரண்டாம் கட்ட கோண்டோலா போய்ச் சேரும் அஃபர்வாத் பகுதி 3,900க்கு மேல். தங்மார்க்கில் 3 டிகிரி என்றால் குல்மார்க்கில் சுழியத்தை ஒட்டி, மேலே மைனஸ் எட்டு அல்லது ஒன்பது இருக்கும். ஒரே மேகம் கீழே மழையாகவும் நடுவில் ஈரப்பனியாகவும் உச்சியில் பொடிப்பனியாகவும் இறங்கும். சாதாரணமாக ஒரு மில்லிமீட்டர் நீர் ஒரு சென்டிமீட்டர் பனியாகும். கடுங்குளிரில் பனி இன்னும் உயரமாகச் சேரும். சுழியத்தை ஒட்டி இருந்தால் அதில் பாதிகூடச் சேராது.

பனியின் ஆழத்தைச் சொல்லும்போதும் அடிவாரத்தில் அளந்ததா, உச்சியில் அளந்ததா என்று பார். நீ கற்கப்போவது குல்மார்க்கில், சரிவின் அடிவாரத்தில். உச்சியில் இரண்டு மீட்டர் கிடந்தால் உனக்கு என்ன பயன்?

உன் தோழிகள் புதுப்பனி கொட்டும் நாளுக்குக் காத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தேர்ந்தவர்களுக்கு அது கொண்டாட்டம். முதன்முதலில் சறுக்குக்கட்டை மாட்டுகிறவர்கள் முழங்கால் ஆழப் பொடிப்பனியில் திரும்பவும் முடியாது, விழுந்தால் எழவும் முடியாது. உங்களுக்கு வேண்டியது பெய்து ஓய்ந்து, படிந்து, இயந்திரத்தால் சீர்செய்த சரிவு. அதோடு காற்றில்லாத, தெளிந்த வானம். பகலில் உருகி இரவில் உறைந்த பனி காலையில் கண்ணாடிபோல் இறுகியிருக்கும். அப்படிப்பட்ட நாளில் வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள்.

காற்றைப் பற்றி முன்னறிவிப்பில் ஒரு வரிதான் இருக்கும், அதைத் தாண்டிப் போய்விடாதே. பலத்த காற்று அடித்தால் கோண்டோலாவின் மேல்கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அதைவிட முக்கியம், காற்று பனியை ஒரு பக்கமிருந்து வாரி மறுபக்கச் சரிவில் பலகைபோல் அடுக்கிவிடும். ஒரு சென்டிமீட்டர்கூடப் பெய்யாத நாளிலும் அங்கே அந்தப் பலகை சரிந்து விழும் ஆபத்து கூடும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் நிகழ்கின்றன. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாத் சரிவில் போலந்து நாட்டுக்காரர்கள் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று குல்மார்க்கின் மேல்சரிவில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். சறுக்கத் தெரிந்தவர்கள், கயல்.

சண்டிகரிலுள்ள டிஜிஆர்இ என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. குல்மார்க் பாரமுல்லா மாவட்டத்தில் இருக்கிறது, அந்தப் பெயரைத் தேடு. ஆபத்தை ஐந்து நிலைகளாகச் சொல்வார்கள். மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று பலர் துணிந்துவிடுகிறார்கள். ஐரோப்பிய மலைகளில் அதிகம் பேர் உயிரிழப்பது இந்த மூன்றாம் நிலை நாட்களில்தான். கோண்டோலாவில் மேலே போ, ஆசைதீர இமயத்தைப் பார், அதே கோண்டோலாவில் இறங்கிவிடு. உச்சியிலிருந்து சறுக்கி இறங்கலாம் என்று யார் அழைத்தாலும், எச்சரிக்கை நிலை ஒன்றாகவே இருந்தாலும், இந்த முறை வேண்டாம். இதில் மட்டும் அம்மா பிடிவாதமாக இருப்பேன்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிக்கையைத் தினமும் பார். விடுதிக்காரரிடம் பனி எவ்வளவு என்று மட்டும் கேட்காதே. கடைசியாக எப்போது பெய்தது, கற்றுக்கொள்ளும் சரிவைச் சீர்செய்திருக்கிறார்களா என்று கேள். பனி பெய்தால் தங்மார்க்குக்கு மேல் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிகள்தான் ஏறும். பனியாலும் மூடுபனியாலும் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாவது வழக்கம், அதனால் ஊர் திரும்பிய மறுநாளே அலுவலகம் என்று வைத்துக்கொள்ளாமல் கூடுதலாக ஒரு நாள் விடுப்பு எடு. பிப்ரவரியில் எந்த வாரம் என்று தோழிகளோடு பேசி முடிவானதும் எழுது. அப்பா உனக்குக் கம்பளி உள்ளாடை வாங்கி அனுப்பவேண்டும் என்கிறார், அளவையும் சேர்த்துச் சொல்.

அன்புடன்,
அம்மா