பந்தை ஏன் பரணில் போட்டாய்?

அன்புள்ள மாப்ளைக்கு,

வாட்ஸப்பில் அனுப்பினால் கட்டைவிரல் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய். அதனால்தான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். பேர் போடவில்லை, பயப்படாதே.

அஞ்சாவது செமஸ்டரில் ரெண்டு அரியர் விழுந்ததும் உன் அப்பா கத்தினார். நீ வாலிபாலைப் பரணில் தூக்கிப் போட்டாய். ‘பையன் திருந்திட்டான்’ என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் உறுத்தல். போன வாரம் உன் ஹாஸ்டல் அறையைப் பார்த்ததும் அது உறுதியானது. மேஜையில் ஆறிப்போன டீ டம்ளர் மூன்று. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் வாங்கிய தட்டுவடை செட்டின் காகிதத்தில் பீட்ரூட் துருவல் காய்ந்து ஒட்டியிருந்தது. திறந்திருந்த புத்தகத்தில் ஒரே பத்திக்கு மூன்று நிறத்தில் கோடு. “நாலு மணி வரைக்கும் உட்கார்ந்தேன் மாமா, ஒண்ணும் ஏறல” என்றாய்.

எப்படி ஏறும்? பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதில் பெரும்பங்கு தூக்கத்துக்குத்தான். உன் வயசுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். நானும் கடைசி வருஷம் விடிய விடியப் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போனவன்தான். முதல் கேள்வியே தெரிந்த டெரிவேஷன். மூன்றாவது வரியில் கை நின்றுவிட்டது. வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போது முழுசும் வரிசையாக ஞாபகம் வந்தது பார், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. ‘ஃபெயில் ஆகிவிடுவோமோ’ என்பதே தலை முழுக்க ஓடினால் கணக்குப் போட இடம் ஏது?

இனி விளையாட்டுக்கு வருகிறேன். 2011-ல் அமெரிக்காவில் 120 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு வெளியானது. வாரம் மூன்று நாள் வேகநடை போனவர்களுக்கு ஒரு வருஷத்தில், ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. எல்லாரும் 55 வயது தாண்டிய தாத்தா பாட்டிகள். உன்னை மாதிரி பிள்ளைகள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடந்ததால் யாருக்கும் அரியர் விழுந்ததாகக் கேள்விப்படவில்லை.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிஷம் வேகநடை மாதிரி உடற்பயிற்சி. ஐந்து நாள், அரை மணி. இருபது கொண்டை ஊசி வளைவையும் ஓடி ஏற்காடு ஏறச் சொல்லவில்லை. நீ ரீல்ஸ் பார்க்கும் நேரத்தை நான் கணக்கெடுக்கவும் இல்லை.

இன்னொன்று. விளையாடியும் தூங்கியும்கூட ரெண்டு மூன்று வாரமாக எதிலும் மனசு ஒட்டவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை. டாக்டரைப் பார்ப்போம், நான் கூட வருகிறேன். என்னிடம் சொல்லக் கூச்சமென்றால் 14416-க்குப் போன் போடு. அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பேர். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கண்ணங்குறிச்சி மூக்கனேரிக் கரைக்கு வந்துவிடு. பந்தைக் காற்றடித்து எடுத்து வா. அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் இல்லாமல் நாங்கள் அஞ்சு பேர் மூன்று மாசமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் மாமா