ஓவர்கிளாக் செய்யப்போகும் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

புது டெஸ்க்டாப் வாங்கிப் போகிறவர்களில் பலர் கொஞ்ச நாளில் போன் செய்து, ஓவர்கிளாக் (பிராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) பற்றி ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: "எத்தனை கிகாஹெர்ட்ஸ் வைக்கலாம், எத்தனை வோல்ட் கொடுக்கலாம்?" ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு போனை வைப்பது எளிது. ஆனால் உங்கள் சிப்புக்கு உரிய எண் எங்களிடம் இல்லை, யாரிடமும் இல்லை. அதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். எப்படி என்று விவரமாகவே எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

ஒரே மாடல் பெயர் போட்ட இரண்டு பிராசஸர்கள் உள்ளே ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலிக்கான் தகட்டில் எந்த இடத்தில் வெட்டி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்துக்கூட ஒரு சிப் குறைந்த வோல்ட்டில் ஓடும், இன்னொன்று கூடுதலாகக் கேட்கும். மோசமான சிப்பும் பல வருடம் பிழையில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையில் கொஞ்சம் தாராளமாகவே வோல்ட் வைத்து அனுப்புகிறார்கள். ஓவர்கிளாக் செய்கிறவர் எடுத்துக்கொள்வது அந்த இடைவெளியைத்தான். உங்கள் நண்பரின் சிப் 4.7 கிகாஹெர்ட்ஸில் 1.25 வோல்ட்டில் ஓடுகிறது என்றால் அது அவருடைய சிப்பின் கதை. உங்களுடையது அதே வேகத்துக்கு 1.33 கேட்கலாம், அல்லது எவ்வளவு கொடுத்தாலும் போகாமல் நிற்கலாம்.

ஒரு காலத்தில் இந்த இடைவெளி மிகப் பெரிதாக இருந்தது. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ சிப்பில் பஸ் வேகத்தை (சிப்பும் போர்டும் பேசிக்கொள்ளும் வேகத்தை) 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதும், பல சிப்புகள் 450 மெகாஹெர்ட்ஸில் நிம்மதியாக ஓடின. பாதி வேகம் இலவசம். இன்றைக்கு அப்படி இல்லை. எங்கள் கடையில் நிறையப் போன, ஏஎம்டியின் ரைசன் 5 5600எக்ஸ் பிராசஸரை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ். தேவைப்பட்டால் தானாகவே 4.6 வரை ஏறும். வெப்பம், மின்சாரம் இரண்டையும் பார்த்து ஒவ்வொரு நொடியும் தன் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது. நாம் செய்ய நினைத்த வேலையில் பெரும்பகுதியைச் சிப்பே செய்துவிடுகிறது. மீதி இருப்பது கொஞ்சம்தான், அதைப் பொறுமையாக எடுக்க வேண்டும்.

உங்கள் கம்ப்யூட்டரில் இது முடியுமா என்று முதலில் பாருங்கள். இன்டெல்லில் மாடல் பெயரில் 'கே' இருக்க வேண்டும், போர்டும் இசட் வரிசையாக இருக்க வேண்டும். ஐ5 12400எஃப், பி660 போர்டு வைத்திருப்பவர்கள் மல்டிபிளையரை (அடிப்படைக் கடிகார வேகத்தைப் பெருக்கிச் சிப்பின் வேகத்தைத் தரும் எண்ணை) ஏற்ற முடியாது, அதற்காக பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) மணிக்கணக்காகத் தேட வேண்டாம். ஏஎம்டி டெஸ்க்டாப் ரைசன்களில் பெரும்பாலானவை திறந்தவை. ஆனால் ஏ320, ஏ520 போர்டுகளில் அந்த வசதி கிடையாது. 5800எக்ஸ்3டி போல மல்டிபிளையர் பூட்டிய சிப்புகளும் உண்டு.

அடுத்து, வோல்ட். சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறுகிறது, ஆனால் வோல்ட்டோடு அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. வேகத்தை 10 சதவீதம் கூட்ட, வோல்ட்டை 1.20-இலிருந்து 1.35 ஆக்கினீர்கள் என்று வையுங்கள். மின்சாரமும் வெப்பமும் ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடும். 10 சதவீத வேகத்துக்கு 40 சதவீத வெப்பம்! பெட்டியோடு வந்த சின்ன கூலர் அதைத் தாங்காது. கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்காக அடம்பிடிக்காதீர்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஒரு சந்தேகம் அடிக்கடி வருகிறது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பார்த்தால் எதையும் மாற்றாத ரைசனிலேயே 1.4 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதே, அப்படியானால் நானும் 1.4 வைக்கலாமா என்று. வைக்காதீர்கள். ஒரு கோர் (சிப்புக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி, 5600எக்ஸில் ஆறு உண்டு) மட்டும் லேசான வேலை செய்யும்போது, மின்னோட்டம் குறைவாக இருக்கும் அந்தக் கணத்தில் சிப் அவ்வளவு கேட்கிறது. ஆறு கோரும் முழு மூச்சாக ஓடும்போது தானே இறக்கிக்கொள்ளும். நீங்கள் கையால் 1.4 என்று பூட்டிவிட்டால் இறக்கிக்கொள்ள வழியில்லை. 5600எக்ஸ் போன்ற சிப்பில் எல்லாக் கோருக்கும் ஒரே வேகம் வைப்பவர்களுக்கு எங்கள் கணிப்பு, 1.3 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம் என்பது. இன்னும் சொல்லப்போனால் அந்த வழியையே நாங்கள் விரும்புவதில்லை. ஒற்றைக் கோர் வேகம் குறைந்துவிடும், கேம்களில் நஷ்டம்கூட ஆகலாம்.

நல்ல வழி, பயாஸில் இருக்கும் பிபிஓவும் (சிப் தானாக வேகம் ஏற்றும் வரம்பைத் தளர்த்தும் ஏஎம்டி அமைப்பு) கர்வ் ஆப்டிமைசரும். ஒவ்வொரு வேகத்துக்கும் சிப் கேட்கும் வோல்ட்டைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிறோம். வெப்பம் குறைகிறது, அதனால் சிப் தானாகவே கூடுதல் வேகத்தில் நிற்கிறது. எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 என்று தொடங்குங்கள். சோதித்த பிறகு மைனஸ் 15, அப்புறம் 20. எந்தக் கோர் பிழை காட்டுகிறதோ அதை மட்டும் பின்னால் இழுங்கள். ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருள் நட்சத்திரம் போட்டுக் காட்டும் சிறந்த கோர்கள்தான் பெரும்பாலும் முதலில் தடுமாறும். அவற்றுக்கு ஏற்கெனவே குறைந்த வோல்ட்தான் போகிறது, இன்னும் குறைக்க இடம் கம்மி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரவு முழுக்கப் பிரைம்95 என்ற சோதனை மென்பொருள் ஓடி வெற்றி பெற்ற கம்ப்யூட்டர், காலையில் யாரும் தொடாமல் சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். காரணம், எல்லாக் கோரும் ஓடும்போது வேகம் குறைவாகத்தான் இருக்கும். உச்ச வேகம் வருவது லேசான வேலையில். அதனால் கோர்சைக்ளர் போன்ற, ஒவ்வொரு கோராகத் தனித்தனியே சோதிக்கும் கருவியையும் ஓட்டுங்கள். அப்படி ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸ் ஈவென்ட் வியூவரைத் திறந்து டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் 18-ஆம் எண் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஏபிஐசி எண் ஒன்று இருக்கும். 5600எக்ஸில் அதை இரண்டால் வகுத்து மீதியை விட்டுவிட்டால், பூஜ்யத்திலிருந்து எண்ணும் கணக்கில் எந்தக் கோர் என்று தெரிந்துவிடும்.

இன்டெல் 'கே' சிப் வைத்திருப்பவர்கள் மல்டிபிளையரை ஒவ்வொன்றாக, அதாவது 100 மெகாஹெர்ட்ஸாக ஏற்றுங்கள். நிலையாக ஓடவில்லை என்றால் 0.01 வோல்ட் கூட்டுங்கள், மறுபடி சோதனை. எல்லை தெரிந்ததும் அதிலேயே விட்டுவிடாமல் ஒரு படி இறங்குங்கள். லோட்லைன் கேலிபரேஷன் என்ற அமைப்பை உச்சத்தில் வைக்காதீர்கள். சுமை வரும்போது வோல்ட் கொஞ்சம் சரிவது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. அந்தச் சரிவை முழுதாக அடைத்தால், சுமை சட்டென்று விலகும் கணத்தில் வோல்ட் மேலே எகிறும். அது அவ்வளவு குறுகிய நேரம் என்பதால் எந்த மென்பொருளும் காட்டாது. நடு நிலை போதும்.

நிலையாக ஓடுகிறது என்று எதை வைத்துச் சொல்வது? விண்டோஸ் திறந்துவிட்டது, ஒரு கேம் ஓடியது, இவை போதாது. பிரைம்95, ஓசிசிடி, ஒய்-கிரஞ்சர் என்று வேறு வேறு வகைச் சுமையில் பல மணி நேரம் பிழையின்றி ஓட வேண்டும். பிரைம்95 ஒரு கணக்கில் தவறு வந்தால் கம்ப்யூட்டர் நிற்காவிட்டாலும் சொல்லிவிடும். எங்களுக்கு அதிகப் பயம் அந்த வகைத் தவறில்தான். நீலத்திரை வந்தால் உங்களுக்குத் தெரியும். ஒரு பிட் மட்டும் மாறி, அது அப்படியே டிஸ்க்கில் எழுதப்பட்டால் தெரியாது. பல மாதம் கழித்து ஒரு ஜிப் ஃபைல் திறக்காது, கல்யாண ஆல்பத்தில் பாதிப் படம் சாம்பல் நிறமாக வரும். ஸ்டூடியோ வைத்திருப்பவர்களும், கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் தயவுசெய்து இந்த வேலையில் இறங்காதீர்கள். மற்றவர்கள் தொடங்கும் முன் ஒரு பேக்கப் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். ராமின் எக்ஸ்எம்பி அமைப்பை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) முதலில் வைத்து, மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனையில் தேர்ச்சி பெற்ற பிறகே பிராசஸருக்கு வாருங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் பிழை எங்கே என்று தெரியாது.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேருங்கள். திருச்சியில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். அறை 10 டிகிரி சூடானால் சிப்பும் ஏறக்குறைய அதே அளவு சூடாகும். மார்கழி இரவில் 88 டிகிரியில் தேர்ச்சி பெற்ற அமைப்பு, அக்னி நட்சத்திர மதியத்தில் 95-ஐத் தொட்டுத் தானாக வேகத்தைக் குறைக்கும், அல்லது பிழை விடும். 5600எக்ஸின் உச்ச வரம்பே 95தான். குளிர்காலத்தில் சோதிப்பவர்கள் 80-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரில் படியும் தூசும் சில டிகிரிகளைத் தின்னும். மலிவான எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) வைத்துக்கொண்டு ஓவர்கிளாக் வேண்டவே வேண்டாம்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை சிப் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சில சிப்புகள் தேவைக்கு மேல் வோல்ட் கேட்டு, எதையும் மாற்றாமலே தேய்ந்துபோனதை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தம் வெளியிட்டது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. திருத்தம் பயாஸ் அப்டேட்டில்தான் வரும். ஒரு எண்ணைக்கூடத் தொடும் முன் அதைப் போடுங்கள். முடியாவிட்டால் கம்ப்யூட்டரைக் கொண்டுவாருங்கள், போட்டுத் தருகிறோம்.

வாரண்டி பற்றி நேராகவே சொல்கிறோம். நிர்ணயித்த அளவுக்கு மேல் ஓட்டியதால் வந்த சேதத்துக்கு ஏஎம்டியும் சரி, இன்டெல்லும் சரி, பொறுப்பேற்பதில்லை. அந்த இடத்தில் உங்களுக்காக நாங்கள் பேசிப் பார்க்கலாமே தவிர, மாற்றித் தருவதாக வாக்குக் கொடுக்க முடியாது. கடையிலிருந்து போகும் எந்தக் கம்ப்யூட்டரையும் ஓவர்கிளாக் செய்யாமல் அனுப்புவதும் இதனால்தான்.

திரை வரவில்லை என்றால் பதற வேண்டாம். பிளக்கை உருவிவிட்டு, போர்டில் சிமாஸ் (பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம்) அழிக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் சில நொடி சேர்த்துத் தொடுங்கள். பின் கிடைக்கவில்லை என்றால் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும், நீங்கள் வைத்த எண்களும் போய்விடும். ஆகவே மாற்றும் ஒவ்வொரு பயாஸ் பக்கத்தையும் முன்னதாகவே போனில் படம் எடுத்து வையுங்கள். எங்களிடம் கொண்டுவரும்போது அந்தப் படங்களும் கையில் இருந்தால், எங்கே தவறியது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
கடையிலிருந்து, திருச்சி