வெள்ளக் கணக்கில் கடைகளையும் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏரல் பஜாரில் என் தகப்பனார் காலத்திலிருந்து நடந்துவரும் எங்கள் ஜவுளிக்கடையை, 2025 ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் மறுபடியும் திறந்தோம். 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் தேதி இறக்கிய ஷட்டர் அது. பத்தொன்பது மாதம் கழித்துத்தான் மேலே ஏறியது.

அந்த ஒரு நாள் மழை காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் என்று அளந்தார்கள். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு சிக்கிய பயணிகளை நாடே பார்த்தது. தாமிரபரணி எங்கள் பஜாருக்குள் வந்ததையும் பலர் பார்த்திருப்பார்கள். தண்ணீர் வடிந்த பிறகு ஷட்டருக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தவர்கள் எங்களைத் தவிர யாரும் இல்லை. பொங்கலுக்கு வாங்கி அடுக்கிய சரக்கு அத்தனையும் உள்ளே இருந்தது. சிவப்புச் சேலைச் சாயம் இறங்கி வேட்டிக் கட்டெல்லாம் ரத்தம் பட்டதுபோல் கிடந்தது. தண்ணீர் குடித்த துணிப் பேலை நாலு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. மர அலமாரிகள் ஊதி வெடித்திருந்தன. பேரேடும் பற்று நோட்டும் கல்லாவுக்குக் கீழே களிமண்ணாகக் கிடந்தன.

சகதியை அள்ள ஒரு மாதம் போதும். கடை திறக்க ஏன் பத்தொன்பது மாதம் என்று பலர் கேட்டார்கள். ஜவுளியில் பாதிச் சரக்கு கடனுக்கு வருவது. ஈரோட்டுக்கும் சூரத்துக்கும் பழைய பில் முடியாமல் புதுச் சரக்கு வராது. அழிந்துபோன துணிக்கு முழுப் பணத்தையும் கட்டி முடித்துவிட்டு, அதன் பிறகு விற்கிற துணிக்கு முதல் தேட வேண்டும். வீட்டு நகையும் உடன்குடிப் பக்கம் இருந்த கொஞ்சம் நிலமும் போன வழி இதுதான்.

நிவாரணத்தைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் வந்தது, எங்கள் வீட்டுக்கும் வந்தது. நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மாடு இறந்திருந்தால் 37,500 என்று அறிவித்தார்கள். கொடுக்க வேண்டிய பணம்தான். ஆனால் கணக்கெடுக்க வந்த எவர் கையிலும் கடைக்கென்று ஒரு படிவம் இல்லை. கடைக்காரனுக்குச் சொன்ன வழி கடன். ஏற்கெனவே கடனில் நிற்பவனுக்கு மேலும் ஒரு கடன்!

இதைவிட என்னை உறுத்துவது வரி விஷயம். சரக்கு வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை விற்கும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லவா? அந்தச் சரக்கு வெள்ளத்தில் அழிந்தால் கழிக்க முடியாது, ஏற்கெனவே கழித்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். சட்டத்தின் 17(5) பிரிவு திருடுபோன சரக்கையும் அழிந்த சரக்கையும் ஒரே வரியில் வைத்திருக்கிறது. என் ஆடிட்டர் இதைச் சொன்ன அன்று நான் நம்பவில்லை, இரண்டு முறை கேட்டேன். இது போதாதென்று, மூடிக்கிடந்த மாதங்களுக்கும் வியாபாரமே இல்லை என்று 'நில்' (nil) கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய். ஆறு மாதம் தொடர்ந்து தாக்கல் செய்யாமல் விட்டால் ஜி.எஸ்.டி. பதிவே ரத்தாகலாம். பக்கத்துக் கடைக்காரருக்கு அப்படித்தான் ரத்தானது. அவர் இன்னும் திறக்கவில்லை.

சரக்குக்குக் காப்பீடு போடாதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஐந்து கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறு தொழில்களுக்காக 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொதுவான பாலிசி 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, வெள்ளச் சேதமும் அதில் அடங்கும். இது எனக்குத் தெரியவந்தது எல்லாம் முடிந்த பிறகு. பஜாரில் கேட்டுப் பார்த்தேன், பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. வருஷா வருஷம் பேரூராட்சியில் உரிமக் கட்டணம் கட்டப் போகிறோம். அந்த மேஜையிலேயே ஒரு தாளில் இதை அச்சடித்துக் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்?

கடை திறந்த அன்று போணி செய்தவர் உமரிக்காட்டிலிருந்து வந்த ஒரு அம்மா. துணி எடுக்கும் முன்பே, "அண்ணாச்சி, என் பழைய பற்று எண்ணூத்தம்பது இருக்கு, அதை முதல்ல பிடிச்சுக்கோங்க" என்றார். நோட்டு ஆற்றோடு போனது அவருக்குத் தெரியும். கேட்க என்னிடம் ஒரு காகிதமும் கிடையாது. அந்த வாரத்தில் இன்னும் சிலர் அப்படி வந்தார்கள். வராதவர்களும் உண்டு, அவர்கள் வீட்டிலும் வெள்ளம் புகுந்ததுதானே. இந்தப் பத்தொன்பது மாதத்தில் சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகள் செல்போனில் துணி வாங்கப் பழகிவிட்டார்கள் என்பதையும் பார்க்கிறேன். வியாபாரம் பழைய அளவில் பாதிகூட இல்லை. அந்த எண்ணூத்தம்பதை வாங்கிய பிறகு கடையை மூடும் எண்ணம் மட்டும் எனக்கு இல்லை.

ஐப்பசியில் மறுபடி மழை தொடங்கும். அதற்குள் வருவாய்த் துறை தன் சேதக் கணக்குப் படிவத்தில் கடைக்கும் சரக்குக்கும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும். பேரிடர் என்று அரசே அறிவித்த இடங்களில் அழிந்த சரக்குக்கு வரியைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று ஜி.எஸ்.டி. மன்றத்தில் தமிழ்நாடு எழுந்து பேச வேண்டும். தங்கள் இதழ் இதை எடுத்து எழுதினால், எங்கள் வரிசையில் இன்னும் ஷட்டர் ஏறாத கடைக்காரர்கள் நன்றியோடு வாசிப்பார்கள்.

இப்படிக்கு,
ஜவுளி வணிகர் ஒருவர்,
ஏரல், தூத்துக்குடி மாவட்டம்.