ஞாயிறு கூடுகை: எல்லை தாண்டிய மெக்சிகோ படங்கள்

வணக்கம் நண்பர்களே. ஞாயிறு மாலை 6 மணிக்கு வழக்கமான இணைப்பில் சந்திப்போம். இந்த முறை பேசப்போவது 1998-இல் வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்காகத் தொகுக்கப்பட்ட ‘மெக்ஸ்பெரிமெண்டல் சினிமா’ திரையிடல் தொடர். ரீட்டா கொன்சாலெஸும் ஜெஸ்ஸி லெர்னரும் மெக்சிகோவின் அறுபது ஆண்டு சோதனைப் படங்களையும் (வழக்கமான கதைசொல்லலை விட்டு விலகிப் புதிதாக முயன்ற படங்கள்) வீடியோக்களையும் தேடித் திரட்டி, நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் வரை கொண்டுபோனார்கள். வணிகத் திரையரங்குகளில் இவற்றுக்கு ஏது இடம்?

அப்புறம், மெக்சிகோ வீடியோ கலைஞர் ஷிமேனா குவேவாஸ் பற்றியும் கொஞ்சம் பேசலாம். பெரிய படங்களில் உதவியாளராக இருந்துவிட்டு, 1990-களில் வீடியோ பக்கம் வந்தவர். டிவி சீரியல் அழுகையை அவர் கேலி செய்யும் விதம் நமக்கு நன்றாகவே புரியும், சந்தேகமே வேண்டாம்!

வருபவர்கள் சனிக்கிழமைக்குள் பெயர் கொடுங்கள். திருட்டுப் பிரதி இணைப்புகளைக் குழுவில் போடாதீர்கள்.